சௌந்தரா அக்கா எழுந்து வந்த நாள்

ஸ்லைடு காய்ந்துவிடும். அதை மட்டும் நினை, வேறு எதையும் நினைக்காதே என்று மாரீஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையில் எட்டரை மணிக்கே வந்து, தாவரவியல் துறைக் கூடத்தின் சுவரோரம் கண்காட்சி மேசையைத் துடைத்து, மைக்ராஸ்கோப்பைத் தூக்கி வைத்து, ரியோ என்கிற அழகுச் செடி இலையின் அடிப்பக்கத்து ஊதாத் தோலை பிளேடால் கீறி உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லால் மூடி வைத்தது அவள்தான். கிளிசரின் விட்டிருந்தால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். கிளிசரின் தீர்ந்து ஒரு மாசமாச்சு, கேட்டால் வரும் வரும் என்கிறார்கள், வந்தபாடில்லை. தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்? அதுவும் மேசைக்கு நேர் மேலே ஃபேன். யாராவது அந்த ஃபேனை நிறுத்தித் தொலைக்கக் கூடாதா? எழுந்து போய் ஒரு சொட்டு விட்டுவிட்டு வரலாம், பத்தடி தூரம்தான், ஆனால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண் உதவித்தொகை விழா நடக்கும்போது எழுந்தால் துறைத் தலைவர் தேவசகாயம் சார் மேடையில் இருந்தபடியே கண்ணால் எரிப்பார். அவருக்கு ஏற்கெனவே முகம் வெளிறிப் போயிருக்கிறது. இருக்காதா பின்னே! அவருக்குப் பக்கத்து நாற்காலியில், பதினோரு வருஷமாகச் செத்துப்போயிருந்த சௌந்தரவல்லி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சக்கரை தூக்கலாக இருந்ததோ என்னவோ, ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை உள்ளே எட்டிப் பார்த்தார். செத்துப்போனவர்கள் டீயில் சக்கரை பார்ப்பார்கள் என்று மாரீஸ்வரி கனவில்கூட நினைத்ததில்லை.

செத்துப்போனார் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, அதுதான் கூத்து. துறையின் நடைபாதையில் அறக்கட்டளைக்காரர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். பணம் போட்டு வைத்து, அந்த வட்டியில் வருஷா வருஷம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற புண்ணியவான்கள் படம். மீசை வைத்த மிராசுதார் ஒருத்தர், மில் முதலாளி ஒருத்தர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர், எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். கடைசிப் படம் மட்டும் ஒரு பெண்பிள்ளை. பதினேழு வயசுக்கு மேல் சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளை. தாவணி, முன்னால் எடுத்துப் போட்ட ரெட்டைச் சடை, ஒரு பக்கத்து ரிப்பன் மட்டும் அவிழ்ந்து தொங்குகிறது, கேமராவின் வெளிச்சம் முகத்தில் அடித்ததில் கண் இரண்டும் அகலமாகத் திறந்து, வாய் லேசாகப் பிளந்து, இப்போதுதான் ஏதோ அதிசயத்தைப் பார்த்த மாதிரி ஒரு பார்வை. கீழே ‘சௌந்தரவல்லி அறக்கட்டளை’ என்று மட்டும். பிறந்த தேதி, மறைந்த தேதி ஒன்றும் கிடையாது. அட்டெண்டர் சுடலைமுத்து அண்ணன் ஒரு ஆயுத பூஜையன்று எல்லாப் படத்துக்கும் சந்தன மாலை வாங்கிப் போட்டபோது, பிள்ளையை மட்டும் விட்டால் பாவமாக இருக்குமே என்று அதற்கும் ஒன்று போட்டு, கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். அவ்வளவுதான். மாலை விழுந்த படத்தைப் பார்த்து உயிரோடு இருக்கிறாயா என்று யார் கேட்பார்கள்? மஞ்சள் காமாலையில் போனாள் என்று ஒரு செட் பெண்கள் சொன்னார்கள். இல்லை, கிணற்றில் தவறி விழுந்தாள் என்றது அடுத்த செட். மகள் போன துக்கத்தில் அவள் அப்பாதான் அறக்கட்டளை வைத்தார் என்று எல்லாரும் சேர்ந்து முடிவுகட்டினார்கள். உதவித்தொகை வந்த அன்றைக்கு ஆறு பெண்களும் ஒரு முழம் பூ வாங்கிப் படத்துக்கு வைத்து, ஒரு பொட்டலம் கடலை மிட்டாயைப் பங்கு போட்டுத் தின்பார்கள். பரீட்சைக்குப் போகும்போது கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆறு பேரில் ஒருத்தியான ஃபரிதாகூடச் செய்வாள். ஃபரிதாவிடம் கேட்டால், நான் சாமியா கும்பிட்டேன், சும்மா சொல்லிட்டுப் போறேன் என்பாள்.

சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மாரீஸ்வரியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், இரண்டு வருஷம், எத்தனை தடவை! எம்.எஸ்ஸி. சேர வந்த முதல் நாள் அவள் கையில் சீட்டு இருந்தது, கட்டணம் இல்லை. அம்மா அங்கன்வாடியில் ஆயா, அப்பா கேரளத்தில் டீக்கடையில் மாஸ்டர், தீபாவளிக்கு வருவார், சில தீபாவளிக்கு வரமாட்டார். திரும்பிச் சாத்தூருக்கு பஸ் ஏறுவதா, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதா என்று நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எதிரே இந்தப் படம்தான் இருந்தது. அவிழ்ந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏண்டி, போட்டோ எடுக்கப் போகும்போது ரிப்பனைச் சரியாக் கட்டமாட்டியா என்று கேட்கத் தோன்றியது. மறுநாள் பட்டியலில் பெயர் வந்தது. விடுதி அறை, மெஸ், பரீட்சைக் கட்டணம், வெள்ளைக் கோட்டு, எல்லாம் அந்தப் படத்தில் இருந்து இறங்கி வந்தன. அன்றைக்கே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். சௌந்தரா அக்கா. வேடிக்கை என்னவென்றால், அக்காவுக்குப் பதினேழு, தங்கச்சிக்கு இருபத்தொன்று. இருபத்திரண்டு ஆனபோது மாரீஸ்வரிக்கு நெஞ்சு அடைத்தது, இவள் இப்படியே நிற்கிறாளே, நான் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறேனே என்று. அந்த நெஞ்சடைப்பை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? மேடையில் இருக்கிற எழுபத்திரண்டு வயசு அம்மாவிடமா? காட்டன் புடவை, காதில் மிஷின், மடியில் துணிப்பை. பை புடைத்திருக்கிறது. அதற்குள் என்ன? கடுதாசியாகத்தான் இருக்க வேண்டும். கடுதாசியைத் தவிர வேறு எது அவ்வளவு தட்டையாக, அவ்வளவு கனமாக இருக்கும்? ஸ்லைடு இந்நேரம் ஓரத்தில் காற்றுக் குமிழ் விட்டிருக்கும்.

கடுதாசியை நினைக்காதே என்றால் மனசு அதையேதான் போய் நக்கும், விழுந்த பல்லின் குழியை நாக்கு தேடுகிற மாதிரி. விடுதியில் பதினாலாம் நம்பர் அறையில் ஒரு மாதிரிக் கடிதம் இருக்கிறது. முதல் செட்டில் ஒரு ஜெயராணி அக்கா எழுதியது, கிழிந்துவிடக் கூடாதென்று யாரோ லேமினேஷன் போட்டுவிட்டார்கள். உதவித்தொகை வாங்குகிற பெண்கள் நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்பது விதி. ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதி, கடைசியில் பெயரை மட்டும் மாற்றி, துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுவார்கள். அலுவலகம் அப்படியே கவரில் போட்டு ‘நிறுவனர்’ என்று அனுப்பிவிடும். பிரித்துப் படிக்க அங்கே யாருக்கு நேரம்? ‘பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அருமை மகள் அமரர் சௌந்தரவல்லி அவர்களின் பெயரால் தாங்கள் அளித்துவரும் உதவி கண்டு நெஞ்சம் நெகிழ்கிறோம். அன்னாரின் ஆத்மா இறைவன் திருவடி நிழலில் இளைப்பாற நாங்கள் என்றென்றும் கண்ணீர் மல்கப் பிரார்த்திக்கிறோம்.’ அடக் கடவுளே. வருஷத்துக்கு ஆறு, பதினோரு வருஷம். இந்த அம்மா காலையில் எழுந்து, பால் காய்ச்சி, வாசலில் தபால்காரர் கொடுத்ததைப் பிரித்து, தன் ஆத்மா சாந்தியடைய ஆறு பெண்கள் அழுதுகொண்டு வேண்டுவதைப் படித்திருக்கிறார். அடுத்த வருஷமும் படித்திருக்கிறார். அதற்கடுத்த வருஷமும். படித்துவிட்டு என்ன செய்தார்? கோபப்பட்டாரா? கிழித்தாரா? ஒரு கார்டு எழுதிப் போட்டு, அடியே மூதேவிகளா, நான் உசுரோடதான் இருக்கேன் என்று சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. பணம் மட்டும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மாரீஸ்வரியின் அம்மாவுக்கு யாராவது இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால், அம்மா பஸ் பிடித்து வந்து, மண்ணை வாரித் தூற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் போயிருப்பாள். மாரீஸ்வரிக்கு ஒரு மாமா உண்டு. ஆறாம் வகுப்பில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். அதை அவர் சொல்லிக்காட்டாத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. பந்தியில் பாயசத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவில்கூடச் சொல்லுவார். அந்த பாக்ஸில் காம்பஸுக்கு முள்ளே கிடையாது, அதை இவள் இன்றுவரை சொன்னதில்லை. கொடுப்பது என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவள் அவள். இப்படியும் கொடுக்க முடியுமா? செத்தவளாகவே இருந்துகொண்டு?

இன்றைக்கு வருகிறவர் சௌந்தரவல்லியின் அப்பா என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். போன வாரம் நிறுவனரிடம் இருந்து நாலு வரி வந்தது. இந்த வருடம் நானே வருகிறேன், ஆராய்ச்சி மாணவிகளுக்கும் உதவித்தொகையை நீட்டிப்பது பற்றி நேரில் சொல்கிறேன், இப்படிக்கு ப. சௌ. தொண்ணூறு வயசுக் கிழவர் வருவார் என்று சார் கைப்பிடி வைத்த நாற்காலி தேடினார், பொன்னாடை வாங்கினார், படத்துக்கு அவர் கையால் போட புது மாலைக்கும் சொன்னார். ஒன்பது மணிக்கு ஆட்டோவில் இருந்து ஒரு அம்மா தனியாக இறங்கி, குனிந்து ஆட்டோக்காரரிடம் வெயிலுக்கு மோர் குடிப்பா என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற சுடலைமுத்து அண்ணனிடம், நாந்தாம்ப்பா சௌந்தரவல்லி என்றதும், அண்ணன் திரும்பி ஓடியதை மாரீஸ்வரி கண்ணால் பார்த்தாள். நல்ல கனத்த உடம்பு அண்ணனுக்கு, அவர் ஓடி இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பெஞ்சு மேல் ஏறி மாலையைக் கழற்றி, எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் காக்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். பொட்டு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதற்குள் அந்த அம்மா நடைபாதைக்குள் வந்துவிட்டார், படத்துக்கு எதிரே நின்றுவிட்டார். பையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு தேவசகாயம் சார் மாரீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் கைப்படத் திருத்தி எழுதிய ஏற்புரையைக் கொடுத்தார். “நீதாம்மா பேசணும், வேற ஆளுக்கு இப்ப நேரமில்ல. இதுல இருக்கிறத மட்டும் படி. ஒரு வார்த்தை பிசகக் கூடாது. அவங்க சரின்னா நாலு வருஷம் உன் ஆராய்ச்சி நடக்கும், உனக்குப் பின்னாடி வர்ற பிள்ளைகளுக்கும் நடக்கும். மனசு சங்கடப்பட்டு எழுந்து போயிட்டாங்கன்னா எல்லாம் போச்சு. புரியுதா?” புரிந்தது. ஜூலையில் சேர இடம் இருக்கிறது, வழிகாட்ட ஆசிரியர் இருக்கிறார், சோறு போட ஆள் இல்லை. சரி என்று அந்த அம்மா சொல்லாவிட்டால் ஊருக்குத்தான் போக வேண்டும், அங்கே பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் பில் போடுகிற வேலைக்கு அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாள். சாருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கடிதத்தின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மாரீஸ்வரியைத் தவிர ஒருத்திக்கும் தெரியாது. ஃபரிதாவிடம்கூட அவள் சொல்லவில்லை.

பின்பக்கம். அதை நினைத்ததும் காது மடல் சுட்டது. போன ஆகஸ்ட் மாசம், மாதிரிக் கடிதத்தை எழுதி முடித்து மடிக்கப் போனவள், மடிக்காமல் திருப்பினாள். என்ன பிடித்ததோ. அன்றைக்குக் காலையில்தான் லேப்பில் ரியோ இலைத் தோலைத் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் பார்த்திருந்தாள். ஊதாக் கட்டங்களுக்கு நடுவில் பச்சையாகக் குட்டிக் குட்டி உதடுகள், இலை மூச்சு விடுகிற துளைகள். உப்புத் தண்ணீர் விட்டால் மூடிக்கொண்டன. நல்ல தண்ணீர் விட்டுக் காத்திருந்தால், ஒன்று, இன்னொன்று, அவசரமே இல்லாமல், திறந்தன. பாடத்தில் படித்ததுதான், பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியதுதான், ஆனால் கண் முன்னால் ஒரு இலை வாயைத் திறந்தபோது அவளுக்குப் புல்லரித்துவிட்டது, சத்தியமாக அழுகை வந்துவிட்டது, பக்கத்தில் கூப்பிட்டுக் காட்ட ஒரு ஆள் இல்லை. அதனால் எழுதினாள். ‘எக்கா, இது உங்க அப்பாவுக்கு இல்ல, உனக்கு. இலைக்கு வாய் இருக்குக்கா. திறந்து மூடுது. நான் இன்னிக்குப் பார்த்தேன். நீ பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பியோன்னு யோசிச்சேன். எனக்கு உன்னைவிட வயசு கூடிப்போச்சு, கோவிச்சுக்காத. நீ படிக்காம போன படிப்பைத்தான் நான் படிக்கிறேன்னு தோணுது. உனக்கும் சேர்த்துப் பார்க்கிறேன். அந்த ரிப்பனைக் கட்டுக்கா.’ ரிப்பனைக் கட்டுக்கா! யாருக்கு? இந்த அம்மாவுக்கு! படிப்பு, அறிவு, ஒரு மண்ணும் இல்லாத ஜென்மம் நீ என்று மாரீஸ்வரி தன்னைத் திட்டிக்கொண்டாள். மகளைப் பறிகொடுத்த அப்பா படிப்பார் என்றாவது யோசித்தாளா? அதுவும் இல்லை. செத்தவளுக்கு எழுதிய கடுதாசி செத்தவளுக்குப் போய்ச் சேரும் என்றே நினைத்துக்கொண்டு கவரில் வைத்தாள். போய்ச் சேர்ந்தும்விட்டது.

மைக்கில் தேவசகாயம் சார் அறிமுகம் செய்துகொண்டிருந்தார். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, கண்ணாடிப் பாத்திரக் கடைக்குள் நடக்கிற மாதிரி நடந்தார். அம்மையார் விருதுநகர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவர் என்றார். திருமணம் செய்துகொள்ளாமல் உடன்பிறந்தார் நால்வரை ஆளாக்கியவர் என்றார். ஓய்வு பெற்றபோது கிடைத்த அத்தனையையும் இந்தத் துறைக்கே அளித்தவர் என்றார். அத்தனையையுமா? மாரீஸ்வரி நிமிர்ந்தாள். நாற்பது வருஷம் காதில் மாட்டிக்கொண்டு, சிவகாசியா, லைனில் இருங்க, தூத்துக்குடியா, பேசுங்க என்று, முகமே தெரியாத ஒருத்தரை முகமே தெரியாத இன்னொருத்தரோடு சேர்த்துவிட்டு, சேர்ந்ததும் தான் விலகிக்கொண்டு. யாருக்குக் கல்யாணம் கூடியது, யார் வீட்டில் இழவு விழுந்தது, எல்லாம் அந்தக் காது வழியாகப் போயிருக்கும். ஒருத்தராவது அந்த அம்மா பேரைக் கேட்டிருப்பார்களா? கேட்டிருக்கமாட்டார்கள். அதே மாதிரிதான் இதுவும். ஆறு பெண்களை அந்தப் பக்கம் சேர்த்துவிட்டு, இந்தப் பக்கம் சத்தம் காட்டாமல் இருந்துவிட்டார். மாரீஸ்வரி சாப்பிட்ட ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் பின்னால் இந்த உடம்பு இருந்திருக்கிறது. மழைநாளில் மெஸ்ஸில் சுடச்சுடப் பொங்கல் தின்றபோதும், சிறுமலைக்குச் செடி சேகரிக்கப் போன பஸ்ஸில் ஜன்னலோரம் பாடிக்கொண்டே போனபோதும், விருதுநகரில் ஏதோ ஒரு தெருவில் இந்த அம்மா மூச்சு விட்டுக்கொண்டு, துணி காயப்போட்டுக்கொண்டு, காது மிஷினுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறார். செத்த பெண் ஒருத்தி தன்னைப் படிக்க வைப்பதை நம்ப முடிந்தது. அதில் ஆச்சரியமே படவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு மனுஷி படிக்க வைத்தாள் என்பதை நம்ப முடியவில்லை, மலைப்பாக இருந்தது, கும்பிடத் தோன்றியது, கூடவே ஒரு துக்கம். அந்த ரெட்டைச் சடைக்காரி எங்கே போனாள்? பரீட்சைக்கு முன்னால் இனி யாரிடம் சொல்லிவிட்டுப் போவது? அந்த வயசான முகத்தில் அவளைத் தேடித் தேடிப் பார்த்தாள். புருவம் இல்லை, கன்னம் இல்லை, கண் கண்ணாடிக்குப் பின்னால். ஒன்றும் மிச்சமில்லை.

“ஏய், உன்னத்தான்டி” என்று ஃபரிதா தொடையில் கிள்ளினாள். பெயரைக் கூப்பிட்டு இரண்டு தடவை ஆகிவிட்டதாம். மாரீஸ்வரி எழுந்தாள், படி ஏறினாள். மைக் உயரமாக இருந்தது. தாளைப் பிரித்தாள். சார் எழுத்து கோழிக் கிறுக்கல், அதிலும் அடித்துத் திருத்தியது, வியர்வையில் மை வேறு கசிந்து முதல் வரியே தெரியவில்லை. கூடம் காத்திருந்தது. பக்கவாட்டில் அந்த அம்மா காது மிஷினைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு இவளையே பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. திறந்த வாய்க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், இரண்டு வருஷம் பார்த்து எழுதியது, எல்லாருக்கும் ஒப்பித்துக் காட்டிச் சிரித்தது. “பெருமதிப்பிற்குரிய ஐயா” என்றது வாய். நிறுத்து நிறுத்து என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். நிற்கவில்லை. “அன்னாரின் ஆத்மா இறைவன் திருவடி நிழலில் இளைப்பாற நாங்கள் என்றென்றும்...” அங்கேதான் நின்றது. ஃபேன் சுற்றுவது கேட்டது. போச்சு. நாலு வருஷம் போச்சு, பின்னாடி வருகிற பிள்ளைகளும் போச்சு. தேவசகாயம் சார் பாதி எழுந்து, “அம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது, பிள்ளை பதட்டத்துல...” என்றார்.

“உக்காருங்க சார். மிஷின் நல்லாத்தான் வேலை செய்யுது” என்றார் அந்த அம்மா. குரல்! அந்த உடம்புக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை போயிற்று. இவளைப் பார்த்து, “கண்ணீர் மல்கன்னு வரணும். அதை விட்டுட்டியே. எனக்கே மனப்பாடம்” என்றார். ஒரு விநாடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், கூடமே சிரித்தது, மாரீஸ்வரி மட்டும் அழுதாள். “மன்னிச்சிருங்கம்மா. எங்களுக்குத் தெரியாது. படத்துல மாலை கிடந்துச்சு, நாங்க வந்து...” “தெரியும்மா” என்றார் அந்த அம்மா. “மொத வருஷம் கடுதாசி வந்தப்ப எனக்கு அப்படி ஒரு கோவம். திருப்பி எழுத உக்காந்தேன். எழுத வரல. அந்தப் படம் எப்ப எடுத்ததுன்னு நெனைக்கிற? காலேஜு பாரத்துல ஒட்டுறதுக்கு எடுத்தது. மதுரையில பாட்டனிக்கு எடம் தர்றதாச் சொல்லி பாரம் குடுத்திருந்தாக. படம் கழுவி வந்த வாரம் எங்கய்யா தவறிட்டாரு. எனக்குக் கீழ நாலு பேரு. எக்ஸ்சேஞ்சுல வேலைக்குக் கூப்டாக, போயிட்டேன். பாரத்தை அனுப்பவே இல்ல. இங்க ஆபீஸ்ல படம் கேட்டப்ப அதைத்தான் அனுப்பினேன். படிக்க வேண்டிய பிள்ள அவதானே, நான் இல்லையே.” துணிப்பையை நீவினார். “அவளுக்காக ஆறு பிள்ளைக வேண்டிக்குதுக. வேணாம்னு சொல்ல நான் யாரு? இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். எல்லாப் பிள்ளைகளும் ஐயா ஐயான்னு எனக்கு எழுதும். போன வருஷம் ஒருத்திதான் பின்பக்கம் அவளுக்கு எழுதியிருந்தா. அது யாரு?”

“நாந்தாம்மா” என்றது மாரீஸ்வரிக்கே கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குக் கேட்டது. தலையை ஆட்டிக்கொண்டார். “அம்பத்தஞ்சு வருஷத்துல அவளுக்குன்னு வந்த ஒரே கடுதாசி அதுதான்” என்றார். பிறகு கூடத்தின் பக்கம் திரும்பி, “ஏம்ப்பா, மாலையை எதுக்குக் கழட்டினீங்க? அவளுக்குப் போட்டதுதானே, போட்டுவிடுங்க” என்றார். சுடலைமுத்து அண்ணன் எல்லார் முன்னாலும் சட்டைக்குள் இருந்து மாலையை உருவி எடுத்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த அம்மா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். “அந்த எலை வாய் தெறக்கிறத எழுதியிருந்தியே. அதைப் பார்க்கத்தான் வந்தேன். எங்க இருக்கு?”

ஸ்லைடு! மாரீஸ்வரி மேடையில் இருந்து குதித்தாள். ஓடிப்போய் மேசையில் குனிந்து பார்த்தால் அவள் பயந்த மாதிரியே தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் குமிழ், உதடுகள் அத்தனையும் இறுக மூடிக்கிடந்தன. டிராப்பரை எடுத்து, கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தாள். சொட்டு ஒரு கணம் வெளியிலேயே நின்றுவிட்டு, சட்டென்று உள்ளே போயிற்று. திறக்குமா? காய்ந்து இவ்வளவு நேரமாயிற்றே, திறக்குமா? அதற்குள் அந்த அம்மா வந்து நின்றார். “கண்ணாடியைக் கழட்டிருங்கம்மா. ஒத்தைக் கண்ணை வச்சு, இப்படி, கொஞ்சம் குனிஞ்சு” என்று தோளைத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தாள். தோள் எலும்பாக இருந்தது, சூடாக இருந்தது. கூடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த அம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தேவசகாயம் சார் பின்னாலேயே வந்து, தொண்டையைச் செருமி, “அம்மா, அந்த ஆராய்ச்சி மாணவிகள் விஷயம்...” என்று இழுத்தார். “குடுக்கத்தானே சார் வந்தேன், குடுத்தாச்சு. வெளிச்சத்தை மறைக்காதீங்க” என்றார் அந்த அம்மா, கண்ணை எடுக்காமலே.

குடுத்தாச்சு. நாலு வருஷம். மாரீஸ்வரி சந்தோஷப்படவே மறந்துபோனாள், ஏனென்றால் அந்த நேரம் பக்கவாட்டில் இருந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். கண்ணாடி இல்லை. மைக்ராஸ்கோப்பின் வெளிச்சம் கீழிருந்து கண்ணில் விழுந்து, கண் அகலத் திறந்து, வாய் லேசாகப் பிளந்திருந்தது. காதோரம் கொண்டையில் இருந்து நரைமுடி ஒன்று அவிழ்ந்து தொங்கியது. அவளேதான். இத்தனை நேரம் தேடியது இங்கே இருந்தது. அம்மா என்று கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிட்டது வேறு.

“தெரியுதாக்கா?”

“தெரியுதுடி” என்றாள் சௌந்தரா அக்கா. “பேசாம இரு. இப்பத்தான் ஒண்ணு தெறக்குது.”